ரௌலிங் தந்த மருத்துவ மையத்துக்காக ஓடலாமா? மகள் மறுக்கிறாள்

லிபர்ட்டன்வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ஜே.கே. ரௌலிங் பற்றிய கேள்வி இது. பெயரைப் பார்த்ததும் 'வேண்டாம் சாமி' என்று ஓடிவிடாதீர்கள். சண்டை மூட்ட வரவில்லை. வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

என் கணவருக்கு எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பைப் போர்த்தியிருக்கும் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிற நோய். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இது மிக அதிகம். நம்மவர்களுக்கு அரிது என்று டாக்டர் சொன்னார். அரிது என்பதால் வராமல் இருந்துவிடவில்லை.

எடின்பரோவில் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையை ஒட்டி, லிட்டில் ஃபிரான்ஸ் பகுதியில் ஆன் ரௌலிங் நரம்பியல் மையம் இருக்கிறது. இதற்காக ரௌலிங் 2010இல் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு 1 கோடி பவுண்டு கொடுத்தார். 2013இல் திறந்தார்கள். 2019இல் மேலும் 1 கோடியே 53 லட்சம் பவுண்டு தந்தார். வாசலில் இருப்பது எழுத்தாளரின் பெயர் அல்ல, அவருடைய அம்மாவின் பெயர். ஆன் ரௌலிங்குக்கும் எம்.எஸ். இருந்தது. 1990 டிசம்பர் இறுதியில், 45 வயதில் இறந்தார். மகள் ஒரு மந்திரவாதிப் பையனைப் பற்றி எழுத ஆரம்பித்திருந்தாள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. முதல் புத்தகம் வந்ததே 1997இல்தான்.

அந்த மையத்துக்கு நிதி திரட்ட, வருகிற மே மாத ஓட்டத்தில் நானும் மகளும் கலந்துகொள்வதாகத் திட்டம். மகளுக்குப் பதினேழு வயது. சட்டை தபாலில் வந்த அன்று பிரித்துப் பார்த்தாள், மடித்து உறைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டாள். "இந்தப் பெயரை நெஞ்சில் மாட்டிக்கொண்டு ஓடமாட்டேன், அம்மா" என்றாள்.

அவளுடைய நெருங்கிய தோழி ஒரு திருநங்கை. வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருகிற பெண். தோசை சாப்பிட்டுவிட்டு என் கணவரோடு கேரம் ஆடுவாள். அவருக்கு வலது கை விரல்கள் இப்போது சொன்னபடி கேட்பதில்லை; சுண்டினால் ஸ்ட்ரைக்கர் எங்கோ போகும். வருகிற விருந்தாளிகள் எல்லோரும் அவருக்காக வேண்டுமென்றே தோற்பார்கள். அவளிடம் மட்டும் அந்த வேலை நடக்காது. "அங்கிள், ஃபவுல். காயை எடுத்து வையுங்கள்" என்று கறாராகச் சொல்லிவிடுவாள். அவருக்கு அவளோடு ஆடத்தான் பிடிக்கிறது.

"அது அந்த அம்மாவின் அம்மா பெயர்தானே" என்றேன். "உங்களுக்குத் தெரியும், ரோட்டில் பார்க்கிறவர்களுக்குத் தெரியுமா?" என்கிறாள்.

பெண்களுக்கான இடமும் உரிமையும் பிறப்பால் பெண்ணானவர்களுக்கே, திருநங்கைகளுக்கு அல்ல என்கிற மாதிரி ரௌலிங் 2020 முதல் எழுதிவருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்னால் அதைப் படிக்க முடியவில்லை. அதே சமயம், என் கணவர் படுத்திருந்த கட்டில் அவர் பணத்தில் வாங்கியதாக இருக்கலாம். இவ்வளவு கொடுத்தவர் இவ்வளவு பேசினார் என்று கூட்டிக் கழித்து மீதி பார்க்க முடியுமா? மகளை வற்புறுத்தலாமா? நானாவது ஓடலாமா?

ஓய்வுபெற்ற ஆடிட்டர், கோவை:

அம்மா, வணக்கம். பணக் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

இவருடைய தானம் விளம்பரத் தானம் அல்ல. 2000இல் வோலன்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். அது அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். 2001இல் இரண்டு சிறு புத்தகங்கள் எழுதி வருமானத்தை காமிக் ரிலீஃப் என்ற தொண்டு அமைப்புக்கு விட்டார். 2004இல் செக் நாட்டு விடுதி ஒன்றில் கூண்டுக் கட்டிலில் அடைக்கப்பட்ட குழந்தையின் படத்தைப் பத்திரிகையில் பார்த்தார். பக்கத்தைப் புரட்டப் போனவர் திரும்ப வந்து படித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகு வந்ததுதான் இன்றைய லூமோஸ் அமைப்பு. குழந்தைகளை விடுதிகளிலிருந்து மீட்டுக் குடும்பங்களிடம் சேர்க்கும் வேலை. தன் கையால் எழுதிய ஒரு கதைப் புத்தகத்தின் பிரதியை 2007இல் ஏலம் விட்டார்கள். 19 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டுக்கு அமேசான் எடுத்தது. அதுவும் குழந்தைகளுக்கே போனது.

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் வந்தவுடன் வரியில்லாத தீவுக்குக் குடிபோகிற ஆட்களை என் வாழ்நாளில் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் பிரிட்டனிலேயே இருந்து கட்டினார். கையில் காசில்லாமல் கைக்குழந்தையோடு இருந்தபோது அரசாங்க உதவித்தொகைதான் காப்பாற்றியது, அந்தக் கடன் எனக்கு உண்டு என்று எழுதவும் செய்தார். 2012இல் ஃபோர்ப்ஸ் இதழ் பில்லியனர் பட்டியலிலிருந்து அவரை எடுத்தபோது சொன்ன காரணங்கள்: சுமார் 16 கோடி டாலர் தானம், பிரிட்டனின் வரி. இந்தக் காரணத்துக்காக அந்தப் பட்டியலிலிருந்து கீழே இறங்கிய வேறு யாரும் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

இனி உங்கள் கேள்வி. கூட்டிக் கழிக்கலாமா என்கிறீர்கள். கணக்கு எழுதுகிறவனைக் கேட்டால் கூடாது என்பேன். முருகனுக்குக் கொடுக்க வேண்டியதை குப்பனுக்குக் கொடுத்துவிட்டேன், ஆகவே முருகன் கணக்கு நேர் என்று எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது. உங்கள் கணவருக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. அந்தப் பெண்ணின் பக்கம் அப்படியே திறந்து கிடக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம். உங்கள் பக்கத்துக்கு நீங்கள் ரசீது கொடுக்கலாம், அவள் பக்கத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட முடியாது.

சும்மா ஒருவன்:

ஊரே படித்த புத்தகம், ஊரே போகும் ஆஸ்பத்திரி. பதினேழு வயதுப் பிள்ளை சட்டை வேண்டாம் என்றால் வேறு சட்டை வாங்கிக் கொடுங்கள். இதற்கு இவ்வளவு யோசனையா?

வைகைக்கரை:

சகோதரி, நான் மதுரையில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். ரௌலிங் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இதே மாதிரி இன்னொருவரைத் தெரியும்: குழந்தைகளுக்குக் கதை எழுதிய ரோல்ட் டால்.

தலையில் நீர் கோத்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறீர்களா? நெற்றி புடைத்து, தோல் மினுமினுவென்று இழுபட்டு, கருவிழி கீழிமைக்குள் இறங்கிக்கொள்ளும். அஸ்தமனச் சூரியன் போல என்று டாக்டர்கள் சொல்வார்கள். மூளையிலிருந்து மெல்லிய குழாய் போட்டு நீரை வடிக்க வேண்டும். அந்தக் குழாய் அடைத்துக்கொள்வதுதான் எங்கள் தீராத தலைவலி. அடைத்தால் வாந்தி, மயக்கம், மறுபடி அறுவை.

1960இல் நியூயார்க்கில் டாலின் கைக்குழந்தையின் தள்ளுவண்டியில் டாக்ஸி மோதியது. பையனுக்கு மண்டையில் அடி, நீர் கோத்தது, போட்ட குழாய் திரும்பத் திரும்ப அடைத்தது. இங்கிலாந்து திரும்பிய டால், ஸ்டான்லி வேட் என்ற பொறியாளரையும் கென்னத் டில் என்ற அறுவை சிகிச்சை நிபுணரையும் சேர்த்துக்கொண்டார். வேட் பொம்மை விமானங்களின் எஞ்சினுக்குச் சின்னஞ்சிறு பம்ப் செய்கிறவர். மூவரும் 1962 வாக்கில் எளிதில் அடைக்காத வால்வு ஒன்றை உருவாக்கினார்கள். அதற்குள் டாலின் மகனுக்கு அது தேவைப்படவில்லை. ஒரு காசு லாபம் வேண்டாம் என்று மூவரும் விட்டுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அதைப் பொருத்தினார்கள்.

அதே மனிதர் 1983இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், யூதர்களின் குணத்திலேயே பகையைக் கிளப்புகிற ஏதோ ஒன்று இருக்கிறது, ஹிட்லர்கூடக் காரணமில்லாமல் அவர்களைக் குறிவைக்கவில்லை என்கிற பொருளில் பேசினார். வாய் தவறி வந்தது என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை, 1990இல் சாகிற வருடத்திலும் தான் யூத வெறுப்பாளன் ஆகிவிட்டதாக அவரே சொன்னார். நூற்றாண்டுக்கு நாணயம் வெளியிடலாமா என்ற யோசனையை பிரிட்டனின் நாணயச் சாலை இதனால் 2014இல் கைவிட்டது. குடும்பம் மன்னிப்புக் கேட்டது 2020இல், அவர் செத்து முப்பது வருடம் கழித்து.

வால்வுக்கு வாய் இல்லை. ஒரு யூதக் குழந்தைக்கு அதைப் பொருத்தினாலும் நீர் வடிந்திருக்கும். ஆகவே டால் கொடுத்ததை நான் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவேன், அவர் பேசியதை வெளியே வைத்துக் காறித் துப்புவேன். உங்கள் மையமும் அப்படித்தான் என்று படுகிறது. கொடுத்த பணம் பல்கலைக்கழகத்தின் பணம் ஆகிவிட்டது. ஓடுங்கள். எம்.எஸ். வந்தவர்களின் வீட்டார் படும் பாடு எனக்குத் தெரியும்.

ஈஸ்ட் ஹாம் பெண்:

எல்லோரும் 'தீங்கான கருத்து' என்று முடிவு கட்டிவிட்டே பேசுகிறீர்கள். ஒரு நிமிடம்.

லண்டனில் அடி உதை வாங்கி ஓடிவரும் பெண்களுக்கான காப்பகம் ஒன்றில் வார இறுதிகளில் வேலை செய்கிறேன். இரவு இரண்டு மணிக்குக் கையில் பாஸ்போர்ட்டும் பிள்ளையுமாக வந்து நிற்கிற பெண்ணுக்கு, உள்ளே ஆண் உடம்பு இருக்காது என்ற உறுதி வேண்டியிருக்கிறது. அது வெறுப்பு அல்ல, பயம். ரௌலிங் 2020 ஜூனில் எழுதிய நீண்ட கட்டுரையில், முதல் கல்யாணத்தில் தான் பட்ட அடியையும் இன்னொரு பாலியல் தாக்குதலையும் சொல்லியிருந்தார். அதைப் படித்த பலர் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பிறப்பால் வந்த பாலை மாற்ற முடியாது என்று நினைப்பது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நம்பிக்கை என்று 2021இல் பிரிட்டனின் வேலை வழக்குகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. 2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்றால் பிறப்பால் பெண் என்றார்கள். அந்த அம்மையாரின் நாக்கு நீளம் என்று எனக்கும் படுவதுண்டு, எல்லாப் பதிவுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 2022 டிசம்பரில் எடின்பரோவில் அவர் தன் பணத்தில் தொடங்கிய பெய்ராஸ் பிளேஸ், தாக்குதலுக்கு ஆளான பெண்களுக்கான உதவி மையம். அதைத் தானத்தின் பக்கம் எழுதுவீர்களா, தீங்கின் பக்கம் எழுதுவீர்களா? ஆடிட்டர் ஐயா சொல்லட்டும்.

கிளைடு நதி:

ஈஸ்ட் ஹாம் அக்கா கடைசியில் கேட்டதுதான் சரியான கேள்வி. என் பதில் அவருக்குப் பிடிக்காமல் போகலாம்.

நான் திருநங்கை. விழுப்புரம் பக்கத்து ஊர், இப்போது கிளாஸ்கோவில் மென்பொருள் வேலை. 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். செய்தித்தாளில் அந்தத் துண்டுச் செய்தியைக் கத்தரித்துக் கணக்கு நோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அதே நோட்டின் பின்பக்கம் ஹாரி பாட்டர் மந்திரங்கள். இரண்டும் எனக்குத் தேவையாக இருந்தன.

வைகைக்கரை அம்மா, டாலின் வால்வையும் பேச்சையும் பிரித்து வைக்க முடிகிறது, ஏனென்றால் அவர் வால்வு விற்ற காசில் யூதர்களுக்கு எதிராக வழக்குப் போடவில்லை. இங்கே அப்படி இல்லை. 2010இல் வந்த காசோலைக்கு நான் எழுந்து நின்று கும்பிடுவேன். ஆனால் 2022இல் தொடங்கிய மையத்தில் என்னைப் போன்றவளுக்குத் தாக்குதல் நடந்தாலும் இடமில்லை. அக்கா சொன்ன உச்ச நீதிமன்ற வழக்கைத் தொடுத்த 'ஃபார் விமன் ஸ்காட்லாந்து' அமைப்புக்கு 2024இல் அவர் 70,000 பவுண்டு கொடுத்தார். 2025இல் இதே மாதிரி வழக்குகளுக்குச் செலவழிக்கத் தன் பெயரிலேயே ஒரு நிதியம் ஆரம்பித்தார். முன்பு கருத்து ஒரு பக்கம், கொடை ஒரு பக்கம் என்று இருந்தது. இப்போது கருத்துதான் கொடையாக வருகிறது. ஐயாவின் பேரேட்டில் தனித்தனிப் பக்கம் இருக்கலாம், பணப்பை ஒன்றுதான்.

காப்பகத்துக்கு வரும் பெண்ணின் பயத்தை நான் சின்னதாக்கவில்லை. இரவில் அடிக்குப் பயந்து ஓடியவள் நானும்தான், என்ன, எனக்குக் கதவு திறக்க ஒரு வீடு இருக்கவில்லை. பயத்துக்கு வழி கண்டுபிடிக்கலாம். 2024 ஏப்ரல் 1 அன்று, ஸ்காட்லாந்தில் வெறுப்புக் குற்றச் சட்டம் அமலுக்கு வந்த நாளில், அவர் எக்ஸ் தளத்தில் போட்ட பட்டியலை யாராவது பார்த்தீர்களா? பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர்களையும், எந்தக் குற்றமும் செய்யாமல் பொதுவாழ்வில் இருக்கிற திருநங்கைகளையும் ஒரே வரிசையில் வைத்து, எல்லோரும் ஆண்கள் என்று எழுதினார். போலீஸ் அது குற்றமல்ல என்றது. சரி, குற்றமல்ல. கோடிக்கணக்கான பேர் பின்தொடரும் ஒருவர் அப்படி எழுதிய மறுநாள் காலை, அலுவலகத்தில் காபி இயந்திரத்துக்கு முன் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் அதைப் படித்திருப்பாரா என்று நான் யோசித்தேன். அவர் பால் வேண்டுமா என்றுதான் கேட்டார். கேட்டு முடிக்கும்வரை எனக்கு மூச்சு சரியாக வரவில்லை.

லிபர்ட்டன் அக்கா, ஓடுங்கள். அந்த மையத்துக்குப் போகிற பவுண்டு எம்.எஸ். ஆராய்ச்சிக்கும் நோயாளிக்கும்தான் போகிறது, அவர் பைக்குத் திரும்பாது. அவர் பைக்குப் போவது புதுப் புத்தகம், பொம்மை, டிக்கெட், எச்.பி.ஓ. எடுக்கிற புதுத் தொடர் எல்லாம். அங்கேதான் நான் கையைக் கட்டிக்கொள்கிறேன். பழைய புத்தகக் கடையில் வாங்கினால் அவருக்கு ஒரு பென்னியும் சேராது. என் கதவருகே இருக்கும் ஏழு பாகங்களும் அப்படி வந்தவைதான்.

ஒன்று மட்டும்: அந்தத் தோழியிடம் போய் "உனக்குச் சம்மதமா" என்று கேட்காதீர்கள். அவள் சம்மதம் என்றுதான் சொல்வாள். உங்கள் வீட்டுத் தோசையை இழக்க அவளுக்கு மனம் வராது.

ஓய்வுபெற்ற ஆடிட்டர், கோவை:

ஈஸ்ட் ஹாம் அம்மாவின் கேள்விக்கு: பெய்ராஸ் பிளேஸில் உதவி பெற்ற பெண்ணின் பக்கத்தில் வரவு. கதவு மூடப்பட்டவளின் பக்கத்தில் பற்று. ஒரே ரூபாய் இரண்டு பேர் கணக்கில் இரண்டு விதமாக விழுவது உண்டு. கிளைடு நதி அம்மா சொன்ன பணப்பை விஷயத்தை நான் முன்பு யோசிக்கவில்லை, அதற்கு என்னிடம் தலைப்பு இல்லை.

லிபர்ட்டன்வாசி:

அனைவருக்கும் நன்றி. சும்மா ஒருவனுக்கும்.

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "ஆன் அம்மாவுக்கு இந்த மையம் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. அதற்கு மேல் என்னைக் கேட்காதே" என்றார். பிறகு, எழுத்தாளருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்ததாகச் சொன்னார். எழுதுங்கள் என்றேன். மகள் முகம் சுளித்தாள். அப்பா நன்றி சொல்வது அவர் உரிமை, அதற்காக நீ உன் தோழியின் சார்பில் எதையும் மன்னிக்க வேண்டியதில்லை என்றேன். நானும் மன்னிக்கப் போவதில்லை. யாராவது என் முன்னால் 'எவ்வளவு கொடுத்தார் தெரியுமா' என்று அந்தப் பட்டியலுக்குச் சமாதானம் சொன்னால், கட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தது, பதில் சொல்ல வேண்டிய வீடு வேறு என்பேன்.

ஈஸ்ட் ஹாம் சகோதரி, காப்பகத்துப் பெண்களைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் கேரம் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளையை 'ஆண் உடம்பு' என்ற சொல்லுக்குள் என்னால் பொருத்த முடியவில்லை. நாம் இதில் ஒத்துப்போகப் போவதில்லை.

நான் ஓடுகிறேன். சட்டை போடவில்லை; ஏற்பாட்டாளர்களிடம் கேட்டேன், கட்டாயம் இல்லையாம். வெள்ளைச் சட்டையில் எம்.எஸ். என்று மட்டும் எழுதிக்கொள்வேன். மகள் ஓடவில்லை. ஆனால் திரட்டுகிற பணத்தை அவள்தான் கணக்கு வைக்கிறாள், தெருவில் வீடுவீடாகப் போய்க் கேட்டதும் அவள்தான். எதற்கு என்று கேட்டவர்களிடம் மையத்தின் பெயரைச் சொல்லாமல் "என் அப்பாவுக்கு" என்று சொன்னாளாம். தோழியிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

வைகைக்கரை:

நல்லது. ஓடுகிற அன்று காலை வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். ஐம்பதை நெருங்குகிற முழங்கால் என்றால் இப்போதே மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுங்கள். கணவருக்கு வெயில் ஆகாது, எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சூடு ஏறினால் தளர்ச்சி கூடும். முடிகிற இடத்தில் நிழல் பார்த்து நாற்காலி போடுங்கள்.

சும்மா ஒருவன்:

எடின்பரோவில் வெயிலா?